பச்சைக்காய் செல்லாது

"என்ன வேணும்னு கேளு வஞ்சி. இந்த நாட்டுல எதை வேணும்னாலும் கேளு."

"இப்போ ஒண்ணும் வேணாங்க. வேணுங்கிறப்போ கேக்கறேன்."

"நான் மறந்துட்டா?"

"நீங்க மறக்கிற ஆளுதான். நான் மறக்க மாட்டேன்."

கல்யாணத்தன்று கழுத்து மாலை வாடுவதற்கு முன் நடந்த இந்தப் பேச்சை, பனிச்சாரல் நாட்டு ராணி வஞ்சிக்கொடி அடிக்கடி நினைத்துக்கொள்வாள். அவள் பிறந்த வீடு மலைச்சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம். புகுந்த வீடு அரண்மனை. கணவர் இளம்பரிதி மகாராஜா நல்லவர்தான். அவளுக்குக் குளிர்ந்தால் தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிடுவார். ஆணை பிறப்பிக்கும் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் அவரைப்போல ஒரு மனிதரைப் பார்க்க முடியாது.

அது குளிர் நாடு. தெற்கு பார்த்த சரிவில்தான் வெயில் நேராக விழும். அங்கேதான் திராட்சை பழுக்கும். சரிவெங்கும் கற்கள். பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்து, இருட்டியபின் கொடிகளுக்குக் கதகதப்பாகத் திருப்பித் தரும் கற்கள். குளிர்காற்றோ தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து, அடிவாரத்து ஆற்றோடு போய்விடும்.

ராஜா யாரென்று முடிவு செய்யும் தேர்தலும் அங்கே திராட்சையால்தான். தனக்குப் பிடித்தவரின் குடத்தில் ஆளுக்கொரு பழம் போடவேண்டும். பழுத்திருக்க வேண்டும். பச்சைக்காய் செல்லாது.

ஒருநாள் மகாராஜா வடக்குச் சரிவுக்குப் போனார். மக்கள் நடுங்கிக்கொண்டே மாலை போட்டார்கள். திரும்பியதும் முதல் ஆணை வந்தது: "இன்றுமுதல் வடக்குச் சரிவும் தெற்குச் சரிவே." கொடிகளில் பாதியைப் பிடுங்கி அங்கே நட்டார்கள். சூரியனுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை.

கல்யாணத்தன்று கிடைத்த வரத்தைக் கேட்டுவிட வஞ்சிக்கொடிக்கு வாய்வரை வந்தது. 'இருப்பதோ ஒரே வரம். இதைவிடப் பெரிதாக ஏதாவது செய்துவைத்தால்?' என்று விழுங்கிக்கொண்டாள்.

செய்துவைத்தார்.

"மாட்சிமை பொருந்திய மன்னவா, தெற்குச் சரிவு கல்லும் கரடுமாகக் கிடப்பது நம் நாட்டின் பெருமைக்கு இழுக்கு" என்றார் தலைமை அமைச்சர் சீர்தூக்கியார். கற்களையெல்லாம் பொறுக்கினார்கள். பாதிக் கல்லை அரண்மனை முற்றத்தில் பாவினார்கள். மீதியில் அடிவாரம் நெடுக உயரமாகச் சுவர் எழுப்பினார்கள். அந்நியக் குளிர் உள்ளே நுழையாமல் தடுக்கும் சுவர் அது.

குளிர் வெளியிலிருந்து வரவில்லை. வழக்கம்போல உச்சியிலிருந்து இறங்கியது, சுவரில் முட்டியது, போக வழியில்லாமல் தோட்டங்களிலேயே தங்கிவிட்டது. ஒரே வாரத்தில் தளிரெல்லாம் கருகின.

"குளிர் நம் நாட்டைவிட்டுப் போக மறுக்கிறது மன்னவா. தங்கள் ஆட்சிமீது அதற்கு அவ்வளவு பற்று" என்று அறிக்கை வாசித்தார் சீர்தூக்கியார். சுவரை இன்னும் உயர்த்த ஆணையாயிற்று.

அப்போதுதான் வஞ்சிக்கொடியின் அண்ணன் நல்லதம்பி ஒரு கொத்துக் காயோடு அரண்மனைக்கு வந்தான்.

"வாங்க மச்சான், சாப்பிட்டீங்களா?"

"அதுக்குத்தான் கொண்டாந்திருக்கேன் மாப்பிள்ளை. ஒண்ணு வாயில போடுங்க."

மகாராஜா போட்டார். ஒரு கண் மூடிக்கொண்டது. காது சிவந்தது. "புத்துணர்ச்சியா இருக்கு மச்சான்" என்றார்.

"அப்போ கொத்து முழுக்க நீங்களே தின்னுங்க. வர்ற தேர்தல்ல உங்களை எதிர்த்து நான் நிக்கிறேன்."

"தாராளமா நில்லுங்க. நாலு பேர் நின்னாத்தானே தேர்தலுக்கு அழகு!"

மகாராஜாவுக்கு உண்மையாகவே கோபமில்லை. கோபப்படத் தேவையும் இல்லையென்று தேர்தலுக்கு முந்தைய நாள் சாயங்காலம்தான் வஞ்சிக்கொடிக்குப் புரிந்தது.

"ஏற்பாடெல்லாம் சிறப்பு மன்னவா. சிறு சிக்கல்தான். நாட்டில் எங்குமே பழம் பழுக்கவில்லை, நம் அரண்மனை முற்றத்தைத் தவிர" என்றார் சீர்தூக்கியார்.

தெற்கு பார்த்த முற்றம். தரையில் சரிவிலிருந்து வந்த கல். மேலே திராட்சைப் பந்தல் முழுக்கப் பழங்கள் கருநீலமாகக் கொத்துக்கொத்தாகத் தொங்கின.

"அப்போ ஓட்டுப் போடறது யாரு?"

"அரண்மனையில் இருப்பவர்கள் மன்னவா. போதுமான பேர் இருக்கிறோம்."

"மத்தவங்க?"

"காய் கொண்டுவருவார்கள். மரியாதையாகத் திருப்பி அனுப்புவோம். சட்டத்தை மாற்ற நாம் யார்?"

"சட்டம்னா சட்டம்தான்" என்று பெருமூச்சு விட்டார் மகாராஜா. அமைச்சர் போனதும் பந்தலிலிருந்து நன்றாகப் பழுத்த ஒன்றாகப் பார்த்துப் பறித்து, மேல்துண்டில் துடைத்து, மனைவியின் வாயருகே கொண்டுபோனார். "இந்தா வஞ்சி. உனக்குன்னு தேடிப் பறிச்சேன்."

அவள் வாயைத் திறக்கவில்லை. பழத்தை அவர் கையிலிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். நல்ல மனிதர்தான். அதுதான் கஷ்டம்.

"என்னங்க, கல்யாணத்தன்னிக்கு எதை வேணும்னாலும் கேளுன்னீங்களே, ஞாபகமிருக்கா?"

"இல்லாம என்ன! கேளு. அட்டிகையா?"

"இந்தப் பந்தல்ல இருக்கிற பழம் மொத்தத்தையும் பறிச்சு, நாளைக்குக் குடம் வைக்கிறதுக்கு முன்னாடி, ஊர்ல ஆளுக்கொண்ணு குடுத்துடுங்க."