கோணல் சீல்

"இன்னையிலேர்ந்து இந்த வீட்ல சீல் இல்லாத எதுவும் யார் வாய்க்குள்ளயும் போகக் கூடாது!"

சாப்பாட்டு மேசைமேல் ஒரு மிஷினை வைத்துவிட்டு சீல்காரர் இப்படி முழங்கியபோது, கேட்பதற்கு வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள், அவர் மனைவி. அந்த அம்மணியும் தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

சீல்காரர் என்பது கம்பெனியில் வைத்த பெயர். உணவுப் பொருள் அடைக்கும் பிளாஸ்டிக் கவர் தயாரிக்கிற கம்பெனி. கவரின் வாய் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று சோதிப்பதுதான் இவருக்கு வேலை. தண்ணீருக்குள் அமுக்கிப் பார்ப்பார். குமிழி வந்தால் தள்ளுபடி. ஒட்டிய கோட்டைக் கட்டைவிரலால் தடவுவார். சுருக்கம் தட்டுப்பட்டால் தள்ளுபடி. கோடு ஒரு நூல் சாய்ந்தாலும் கட்டு முழுக்கத் தள்ளுபடி. இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. அதைப் பாராட்டித்தான் கவர் ஒட்டுகிற ஒரு பழைய கை மிஷினையும் ஒரு கட்டுப் புதுக் கவர்களையும் அன்று பரிசாகக் கொடுத்திருந்தார்கள்.

"எதுக்குங்க இது? வீட்ல டப்பாவா இல்ல?"

"டப்பாவா! டப்பால காத்து புகும், ஈரம் புகும், எறும்பு புகும். கவர்ல போட்டு ஒட்டிட்டா எமனே வந்தாலும் உள்ள போக முடியாது. ஒரு வாரத்துல நமுத்துப் போற பிஸ்கட் மூணு மாசம் மொறுமொறுன்னு நிக்கும்."

"பிஸ்கட் மூணு மாசம் நிக்கும். கவர் நம்ம பேரன் பேத்தி காலம் வரைக்கும் நிக்கும். போன வாரம் தெருச் சாக்கடையை அடைச்சிக்கிட்டு நின்னுச்சே, அது என்ன ரோஜாப்பூவா?"

"அது வீசினவன் தப்பு. கவர் என்ன பண்ணும் பாவம்?"

"சூடா எதையாவது ஊத்தினா பிளாஸ்டிக் வாசனை வருதே, அது யார் தப்பு?"

"ஆற வச்சு ஊத்தணும். அவசரப்பட்டது உன் தப்பு!"

அம்மணி கத்தியைக் கீழே வைத்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, ஒட்டினதை யாராவது திறந்தா?"

"உடனே காட்டிக் கொடுத்துடும்! எவன் கை வச்சாலும் தப்ப முடியாது. சீலோட பெருமையே அதுதானே!"

"அப்படியா? அப்ப மிஷின் இருக்கட்டுங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சீல்காரர் அன்று மாலை ஐந்தரை மணிக்குச் செய்து முடித்தார்.

விஷயம் இதுதான். அம்மணியின் தம்பி பேக்கரி வைத்திருக்கிறார். வருகிறவர் போகிறவருக்குக் கொடுக்கச் சொல்லி, மாதம் தவறாமல் அக்காவுக்கு ஒரு டின் நிறைய வெண்ணெய் பிஸ்கட் அனுப்புவார். சீல்காரருக்கோ சர்க்கரை. "பத்தாம் தேதி ரத்தப் பரிசோதனையிலயும் இறங்கலைன்னா தினமும் ரெண்டு ஊசி" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பட்டன் தைக்கிற ஊசியைப் பார்த்தாலே வியர்த்துப் போகிற ஆசாமி அவர். ஆனாலும் நாக்கு யார் பேச்சைக் கேட்கும்? டின்னில் பிஸ்கட் நாளுக்கு நாள் இறங்கியது. சர்க்கரைதான் இறங்கவில்லை. அம்மணி எலியைத் திட்டினார். சீல்காரரும் கூடச் சேர்ந்துகொண்டு எலியைத் திட்டினார்.

மிஷின் வந்த மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் டின் காலி. அலமாரியில் பதினொரு கவர்கள் உட்கார்ந்திருந்தன. அம்மணி எண்ணாமல், கண்ணளவில் அள்ளிப் போட்டு, தன் கையாலேயே ஒட்டியவை. ஒரு சீல் மேடு ஏறியது. இன்னொன்று பள்ளத்தில் இறங்கியது.

"எப்படிங்க இருக்கு என் வேலை?"

"குடிகாரன் நடந்துபோன பாதை மாதிரி இருக்கு."

"புதுசு இல்லையா? பழகப் பழக வரும்."

மூன்று நாள் சீல்காரர் அலமாரியைப் பார்த்துப் பார்த்து எச்சில் விழுங்கினார். நாலாம் நாள் ஞானம் பிறந்தது. சீல் போடத் தெரிந்தவனுக்குச் சீல் ஒரு தடையா? மிஷின் இருக்கிறது. புதுக் கவர் இருக்கிறது. மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போன அம்மணி திரும்பக் கால் மணி நேரம் ஆகும். ஒரு கவரைக் கத்தரித்தார். இரண்டு பிஸ்கட்டை உள்ளே தள்ளினார். மீதியைப் புதுக் கவரில் போட்டு மிஷினில் அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. பழைய கவரை மடித்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்தார்.

ஒரே ஒரு சங்கடம். அம்மணி ஒட்டியதைப் போலவே கோணலாக ஒட்ட வேண்டும். அதற்கென்றே சாய்த்து வைத்துத்தான் அமுக்கியிருந்தார். எடுத்துப் பார்த்தார். இப்படி ஒரு கவர் கம்பெனியில் வந்திருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துத் திட்டியிருப்பார். இதைத் தன் கையால் செய்வதா? மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. (பிஸ்கட் தின்னும்போது அது எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள்.) வேறு கவர் எடுத்தார். நேராக வைத்து, நேராக அமுக்கினார். கட்டைவிரலால் தடவினார். மனசு குளிர்ந்தது.

"பாஸ்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சீலைப் பார்த்து ஆளைச் சொல்ல அவள் என்ன சோதனைக்காரியா?

ஒரே கவரை மெலிய வைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று தினம் ஒன்றாகக் கைவைத்தார். ஒரு வாரத்தில் ஏழு கவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மணி பதினொரு கவர்களையும் மேசையில் பரப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"என்னங்க, இங்க வாங்களேன். என் வேலையைக் கொஞ்சம் சோதிச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

இவ்வளவு பணிவாக அவரிடம் கம்பெனியில்கூட யாரும் கேட்டதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நிமிஷத்தில் அவர் புருஷனும் இல்லை, திருடனும் இல்லை, வெறும் சோதனைக்காரர்.

"இது தள்ளுபடி. இதுவும் தள்ளுபடி. சேச்சே, இது மகா மோசம்! ஆனா இதைப் பாரு... ஆறு மில்லி அகலம், ஒரு சுருக்கம் உண்டா? இதுவும் பாஸ். இதுவும். அடடா, இதெல்லாம் வேலையா? கலை!"

நாலு கவர் அந்தப் பக்கம் போயின. ஏழு கவர் இந்தப் பக்கம் வந்தன.

"அப்ப இந்த ஏழும் நல்லா இருக்கா?"

"நல்லாவா? இதை ஒட்டின கைக்குத் தங்கக் காப்பே போடலாம்!"

"போட்டுடலாம். கையை நீட்டுங்க."

பெருமையோடு நீண்ட கை பாதி வழியில் நின்றது. வியர்த்தது.

"அது வந்து... நீதானே பழகப் பழக வரும்னு சொன்னே?"

அம்மணி உள்ளே போய் ஒரு சின்னக் கவரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். உள்ளே ஒரே ஒரு பிஸ்கட். மேலே அம்மணியின் குண்டு குண்டு எழுத்து: 'பத்தாம் தேதிக்கு முன் உண்ண உகந்தது அல்ல.'

"ஊசி வேணாம்னு டாக்டர் சொல்லட்டும். அன்னைக்கு இதை நானே பிரிச்சுக் கொடுக்கறேன்" என்றார் அம்மணி. "உங்க உடம்புல தினம் ரெண்டு தடவை ஊசி குத்தறதை என்னால பார்க்க முடியாதுங்க."

சீல்காரருக்கு வெட்கமாக இருந்தது. இவளைப் போய் ஏமாற்றினோமே! அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பழக்கம் விடுமா? கட்டைவிரல் தானாகப் போய்ச் சீலைத் தடவியது. ஆறு மில்லி. நூல் பிடித்த மாதிரி நேர். சுருக்கமே இல்லை.

"இதை யாரு ஒட்டினது?"

"நான்தான். மிஷின் வந்த மறுநாளே, எல்லாத்துக்கும் முன்னாடி ஒட்டினது இது."

"முதல்லயே இவ்வளவு நேரா ஒட்ட வந்திருக்கு, அப்புறம் ஏன் அந்தப் பதினொண்ணையும் கோணலா ஒட்டினே?"

"நானும் நேரா ஒட்டினா, நீங்க ஒட்டினது எதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"