பித்தளை அண்டாவில் வேலம்பாசி

அன்புள்ள மாப்பிள்ளை சிவக்குமார் அவர்களுக்கு,

செல்லூரிலிருந்து மாமனார் முத்திருளன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மாமியார் ஒச்சாயியும் தொட்டிகளும் சுகம். அங்கே நீங்களும் எங்கள் மகள் நாகஜோதியும் அப்படியே இருப்பீர்கள்.

நான்காம் தேதி காலை ஆறு மணிக்குக் குடும்பத்தாரைக் கூட்டி, மாடிப்படிக்குக் கீழே இருந்த சிமெண்டுத் தொட்டியை வேப்பமரத்தடிக்கு நகர்த்துவது என்று முடிவெடுத்தேன். குடும்பத்தார் என்றால் ஒச்சாயி. எதிர்ப்பு இருந்தது, தொட்டி நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை வாடிப்பட்டியில் நீங்கள் திறக்கும் வண்ண மீன் கடையில், கண்ணாடித் தொட்டி அத்தனையிலும் வேலம்பாசி என்ற நிஜ நீர்ச்செடிதான் ஆட வேண்டும், எதிர்க்கடையில் அது இல்லை என்றீர்கள். பொறுப்பை நான் ஏற்றேன். படிக்குக் கீழே வெளிச்சமில்லாமல் செடி வெளுத்து, நூலாக நீண்டது. மொட்டை மாடியில் வைத்த இன்னொரு தொட்டியில் வெயிலுக்குத் தண்ணீர் கொதித்து, பச்சைப் படலம் மூடியது. வேம்பின் அரைநிழல், அடியில் கண்மாய் வண்டல், மேலே நம் போர்வெல் தண்ணீர். மூன்றே வாரத்தில் புதராகிவிட்டது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வேலம்பாசி மட்டும் செழிக்கும்.

இன்று காலை ஒச்சாயி வந்து, "மாப்ளைக்குப் போற பொருளை இந்த அழுக்குத் தொட்டியிலயா வைக்கிறது? பாக்குறவங்க என்ன சொல்லுவாக?" என்றாள். நியாயம்தான். நாகஜோதிக்குச் சீராக வாங்கி, உங்கள் வீட்டில் இடமில்லாமல் இங்கேயே இருக்கும் பித்தளை அண்டாவைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கி, புளித்தண்ணீர் போகக் கழுவக்கூட ஒச்சாயியை விடாமல் நான் அவசரப்படுத்தி, செடி முழுவதையும் அதற்கு மாற்றினோம். பக்கத்து வீட்டு அறிவியல் வாத்தியார் ஜெயக்கொடி சுவர் மேலாக எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, புளி பட்ட பித்தளையில இருந்து செம்பு தண்ணியில எறங்கும்ணே. பாசிக்கு அது வெசம்."

"வாத்தியாரே, உங்களுக்குப் பொம்பளப் புள்ள இருக்கா?"

"இல்லைண்ணே."

"அப்ப பேசாம போங்க."

படித்தவர்தான். மாப்பிள்ளை மரியாதை பாடத்தில் இல்லை போலிருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டாம். இந்தச் செடி உங்கள் கடையை நிறைக்கும், கடை ஊரை நிறைக்கும். இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
முத்திருளன்

பின்குறிப்பு: செடியோடு சேர்த்து அனுப்பலாம் என்று கடிதத்தை நான்கு நாள் வைத்திருந்தேன். இலையெல்லாம் பழுப்பாகி அண்டாவின் அடியில் கிடக்கிறது. பஸ்ஸில் ஏற்றிய பெட்டியில் இருப்பவை பிளாஸ்டிக் செடிகள், நாற்பது.