ஆகாசத்தாரும் பவானி பஸ்ஸும்

பஸ் ஏற வந்த மனிதர்களைத் தராசில் ஏற்றி எடை பார்த்தவர் சேலம் ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஆகாசத்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பஸ் கம்பெனியில் நானும் அவரும் டிக்கெட் குமாஸ்தாக்கள். அதற்கு முன் அவர் மெட்ராஸில், தேசத்துக்கே பொதுவான ஒரு விமானக் கம்பெனியில் பயணிகளையும் பெட்டிகளையும் எடை போட்டுக்கொண்டிருந்தார். பெயர் வேண்டாம். கம்பெனி நொடிந்துகொண்டே போக, வேலையை விட்டுவிட்டு சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் பஸ் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். ஆள் வந்தாரே தவிர, தரையிறங்கவில்லை; அதனால்தான் எங்களுக்கு அவர் ஆகாசத்தார்.

முதல் வாரமே, பவானி பஸ்ஸுக்கு வந்த கனத்த பண்ணைக்காரரை பார்சல் தராசில் ஏறச் சொன்னார்.

"ஏனுங்க, நானென்ன புளி மூட்டையா?"

"பேலன்ஸ் பாக்கணுமுங்க. நீங்க பின்னால உக்காந்தா முன்சக்கரம் எந்திரிச்சுக்கும்."

பண்ணைக்காரர் மிரண்டுபோய், குமாரபாளையம் வரை நடு சீட்டில் அசையாமல் உட்கார்ந்து போனாராம்.

சாப்பாட்டு வேளையில் பழைய கம்பெனி புராணம் ஓடும்.

"மொதல்ல பிளேன் லேட்டானா மேனேஜரே வந்து கும்புட்டு மன்னிப்புக் கேப்பாருங்க. அப்புறம் குமாஸ்தா வந்தாரு. அப்புறம் 'மன்னிக்கவும்'னு ஒரு பலகை வெச்சாங்க. நான் கெளம்பறப்ப பலகையவும் காணோமுங்க!"

சொல்லிவிட்டு அந்தக் கம்பெனியை வாய் வலிக்க வைவார். நானும் சேர்ந்து ஒரு வார்த்தை வைதால் மட்டும் அன்றைக்கு என்னோடு பேசமாட்டார்.

ஒரு நாள் பவானிக்கு டிக்கெட் கேட்டு வந்தவர், அவருடைய பழைய மேலதிகாரி. ஓய்வு பெற்றவர், நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"நீ தப்பிச்சேப்பா! அதெல்லாம் ஒரு கம்பெனியா? பழைய இரும்புக் கடை!" என்று வரிசையே கேட்கச் சிரித்தார்.

ஆகாசத்தார் டிக்கெட் புத்தகத்தை மூடினார்.

"உங்களுக்கு டிக்கெட் இல்லீங்க."

"ஏன், நீயுந்தான் திட்டறேன்னு கேள்விப்பட்டேனே?"

"நான் அழுதுட்டே திட்டறனுங்க. நீங்க சிரிச்சுட்டுத் திட்டறீங்க."

அதிகாரி நேரே முதலாளியிடம் போனார். சற்று நேரத்தில் முதலாளி வந்து நின்றார். ஆகாசத்தாருக்கு வீட்டில் மூன்று பெண் குழந்தைகள்.

"விட்டுட்டு வந்த கம்பெனிக்காவ எங்கிட்ட வந்த ஆளைத் தொரத்தி முடுக்கிப்போட்டியே?"

"தப்புத்தானுங்க, மொதலாளி. வேலைய உட்டு நிறுத்திருங்க."

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நாளைக்கு எம் பஸ்ஸை எவனாச்சும் வைதா, அவனையும் இப்படி முடுக்குவியா?"

ஆகாசத்தார் நேர்மையாக யோசித்தார்.

"நேரத்துக்கு ஓட்டுனீங்கன்னா முடுக்குவனுங்க."

முதலாளிக்குப் புரையேறியது. சிரித்துக்கொண்டே போய்விட்டார். வேலை தப்பியது.

எப்போதாவது சேலத்துக்கு மேலே விமானச் சத்தம் கேட்கும். உடனே ஆகாசத்தார் கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவார். வரிசை கூச்சல் போடும். நான் அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பேன். சத்தம் அடங்கி வெகுநேரமான பிறகும் வெளியே அண்ணாந்தபடி நிற்பார். நான் ஒரு நாளும் அவரை உள்ளே கூப்பிட்டதில்லை.