அடைகாக்கும் சேவலின் முறைப்பாடு

கண்டி,
3.8.1983

மதிப்புக்குரிய மச்சான் சிவமணி அவர்களுக்கு,

முருகன் அருளால் நானும் உங்கள் தங்கை லீலாதேவியும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் நீங்கள் அதைவிட நன்றாக இருக்க அவனையே வேண்டுகிறேன். கலவரத்தில் வீடு எரிந்ததிலிருந்து கடைக்கார மஹ்ரூப்பின் மேல்மாடியில் ஒளிந்திருக்கிறோம். ஒளிந்திருக்கிறோம் என்பது பிழை. ஒளிந்திருப்பவன் நான் மட்டும். உங்கள் தங்கை பொட்டை அழித்து, மஹ்ரூப்பின் மனைவி ஸுலைஹாவின் சேலையால் தலையை மூடிக்கொண்டு, ஊரடங்கு தளரும்போதெல்லாம் பஸ் ஏறிப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு நேர்ஸ் வேலைக்குப் போகிறாள்.

விலங்கியல் ரியூஷன் மாஸ்டராகிய நான் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? விஞ்ஞான முறைப்படி எடுத்துச் சொன்னேன். பெண்ணின் முட்டை பெரிது, ஊட்டம் நிறைந்தது, உண்டாக்கச் செலவு கூடியது. ஆணின் விந்தணு வாலும் அவசரமும் மட்டுமே உள்ள சின்னச் சாமான், கோடிக்கணக்கில் கிடைக்கும். ஆகவே பெண் பத்திரமாக இருந்து குஞ்சைப் பார்க்கும், ஆண் வெளியே போய் முட்டி மோதும் என்றேன். "ஓம், றோட்டில முட்டி மோதுறதுகளை நானும் பாக்கிறன்தானே, எங்கட வீட்டை எரிச்சதும் அதுகள்தான்" என்று செருப்பை மாட்டினாள். பிறகு திரும்பி, "இஞ்சருங்கோ, மலிவான ஆள் நீங்கள்தானே, கீழ பேக்கரிக்குப் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள். ஸுலைஹா முக்காட்டுக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது. விட்டேனா? இயற்கையை மீறக் கூடாது என்றேன். "தாமரையிலைக்கோழியில பெட்டை ஊர் சுத்தும், சேவல்தான் அடைகாக்கும் எண்டு உங்கட நோட்ஸிலயே கிடக்குது" என்று பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கஞ்சி அடிப்பிடித்தது. பிள்ளை அலறிய அலறலில் மஹ்ரூப் படியேறி ஓடி வந்து, "மாஸ்டர், ஒளிச்சிருக்கிற ஊட்டுல இவ்வளவு சத்தமா? புள்ளைய இங்க தாங்க" என்று பிடுங்கிக்கொண்டு போனார்.

மச்சான், யாழ்ப்பாணம் வர வாகனம் ஒழுங்காகியிருக்கிறது. அவள் வரமாட்டாளாம். "வார்ட்டில எரிகாயத்தோட சனம் கிடக்குது, விட்டிட்டு வரேலாது" என்கிறாள். தமையன் என்ற முறையில் கண்டித்து ஒரு தந்தி அடியுங்கள், வேலையை விடச் சொல்லுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
விவேகானந்தன்

பி.கு.: தந்தி வேண்டாம். பஸ் எல்லாம் நின்றுவிட்டது, லீலா இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருப்பாள் என்கிறார் மஹ்ரூப். இருக்கலாம். பிள்ளையை ஸுலைஹாவிடம் கொடுத்துவிட்டு, மஹ்ரூப்பின் சாரத்தையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு பேராதனைக்கு நடக்கப் போகிறேன். சாரம் இடுப்பில் நிற்கவில்லை, கையால் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அவள் எனக்கு முதல் வந்து, என்னைக் காணாமல் ஏசினால் ஏசட்டும். வந்தால் போதும்.