மழைநீர்த் தொட்டியின் மூன்றாவது நசுங்கல்

அன்புத் தங்கை பெரிலுக்கு அண்ணன் மெர்வ் எழுதுவது. ஆமாம், நானேதான். எழுபத்து நான்கு வயதில் எழுதப் படிக்கக் கற்றவனின் முதல் கடிதம். மெதுவாகப் படி, நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். நானும் உன் அண்ணி நோரீனும் நலம். மழைநீர்த் தொட்டியும் இன்றுவரை நலம்.

தொட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது அதை இரண்டு முறை இடித்திருக்கிறேன். போன மாதம் மூன்றாவது நசுங்கலும் விழுந்தது. இடித்ததாக எனக்கு நினைவே இல்லை. இந்த வயதில் ஒப்புக்கொள்வதே மரியாதை என்று ஒப்புக்கொண்டேன். நோரீன் சொன்னாள்: "இன்னொரு தடவ இடிச்சே, சாவி எங்கிட்ட வந்துடணும். தொட்டி உடைஞ்சா மழை வர்ற வரைக்கும் பீர்லயா டீ போடுவே?" சாவி போய்விட்டால், அறுபது கிலோமீட்டருக்கு ஒரு கடை இருக்கும் இந்த ஊரில் நான் எங்கே போவேன்?

ஆகவே ஊர்க் கிழவர்கள் கூடித் தச்சுவேலை செய்யும் கொட்டகையில் என் கூட்டாளி கிளாரியும் நானும் ஒரு கருவி செய்தோம். தீப்பெட்டி அளவில் மைக்ரோகன்ட்ரோலர் என்ற ஒரு குட்டிக் கணினி, தூரத்தை அளக்க இரண்டு கண் வைத்த சென்சார், கத்துவதற்கு ஒரு பஸ்ஸர். வண்டி நெருங்க நெருங்க வேகமாகக் கத்தும். செய்முறைத் தாளை நான்தான் வாசித்தேன். கிளாரி கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தான். முதலில் குப்பைத் தொட்டியில் கட்டிப் பார்த்தோம். பதினைந்து சென்டிமீட்டரில் விடாமல் கத்தியது, நானும் நின்றேன், அதற்குள் குப்பைத் தொட்டி படுத்துவிட்டது.

"டேய் மெர்வ், கேரவன் மாட்டுற இரும்புக் குமிழ் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கே, அத அளந்தியா?"

"டேப் புடிச்சது நீதானடா!"

"நான் நம்பர் பிளேட்டோட நிறுத்திட்டேன்."

புரோகிராமில் எனக்குப் புரிந்தது அந்த எண் மட்டுமே. பதினைந்தை ஐம்பதாக நானே மாற்றினேன். பிறகு மழைநீர்த் தொட்டியில் மாட்டினால் கத்தல் ஓயவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் நாய் ரஸ்டி ஓடிவந்து அதற்கு நேரே உட்கார்ந்துகொள்கிறது! நாயின் காதுக்கு மேலே ஏற்றி மாட்டினோம். இன்றோடு பன்னிரண்டு நாள், தொட்டியில் ஒரு கீறல் இல்லை. சாவி என் சட்டைப்பையில்.

உன் வீட்டில் எல்லோருக்கும் நல்ல மழையும் நல்ல தூக்கமும் வாய்க்கட்டும்.

அன்புடன்,
மெர்வ்
(இனிமேல் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட மாட்டேன்.)

பின்குறிப்பு: பிழை பார்க்க நோரீனிடம் கொடுத்தேன். 'நினைவே இல்லை' என்ற இடத்தில் விரலை வைத்தாள். "உனக்கு எப்படி நெனப்பிருக்கும்? அன்னிக்கு உன்ன கிளாரி அவன் வண்டியில எழுத்து வகுப்புக்குக் கூட்டிட்டுப் போயிருந்தான். இடிச்சது நான்," என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "ஆமா, அந்தப் பெட்டி எப்படிக் கத்துனா நிறுத்தணும்?"