டிரங்க் கால் இறக்கி வைத்த தந்திகள்

டெலிபோன் இல்லாமலே பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் பேசக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளோடு ஒரே அறையில் குடியிருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

ஐம்பதுகளின் நடுவில், கண்டோன்மெண்டில் ஒரு சர்ச்சுக்குப் பின்புறம் இருந்த பெண்கள் விடுதி அது. நான் ஆனேக்கலிலிருந்து வந்து ஒரு சர்க்கார் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர். நாள் முழுக்கப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கத்திக் கத்திப் பழகிவிட்டதால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் உப்பு கேட்டாலும் கல்கத்தாவிடம் கேட்பது போலத்தான் கேட்பாள். விடுதி முழுக்க அவளுக்கு டிரங்க் கால் என்றே பெயர். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. சலவைக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் துணி போடுவாள்.

எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருத்தி குடும்பத்தோடு சீமைக்குக் கப்பல் ஏறும்போது, தன் கித்தாரை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பெட்டியில் இடமில்லையாம். டிரங்க் கால் அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கிறிஸ்துமஸுக்குள் கற்றுக்கொண்டு கேரல் பாட்டுகளுக்கு வாசிக்கப்போவதாக அன்றைக்கே அறிவித்தாள். அறிவிப்பு சர்ச் வாசலில் இருந்த ரிக்‌ஷாக்காரர்கள்வரை போய்ச் சேர்ந்தது.

ஒரே ஒரு சங்கடம். சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் அவளுடைய இடது கை விரல்கள் மடங்காமல் போயிருந்தன. ஸ்கேல் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். லைன் கொடுக்கும் பிளக்கைச் செருக வலது கை போதும் என்பதால் எக்ஸ்சேஞ்சில் யாரும் அதைக் கவனித்ததில்லை. கித்தார் கவனித்தது.

சர்ச் ஹாலில் சனிக்கிழமைகளில் கித்தார் சொல்லித்தரும் மாஸ்டர் ஒருவர் இருந்தார். கிளப் பேண்டில் வாசிப்பவர், பளபளக்கும் ஷூ போட்டவர். கெட்ட மனிதர் இல்லை. இவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, துருப்பிடித்த கீலை அசைத்துப் பார்ப்பது போல அசைத்துப் பார்த்தாராம். பிறகு ரொம்ப மென்மையாக, கஞ்சிரா மாதிரி தட்டினாலே போதும், டாம்பரீன்கூட அருமையான வாத்தியம்தான் மிஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் டிரங்க் கால் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கையால் காட்டி வாங்கிக்கொண்டாள். விடுதியே பயந்துபோனது. சமையல்கார அம்மாள் மாடி ஏறி வந்து, "ஜ்வரவா?" என்று கன்னடத்தில் கேட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றாள்.

"என் விரலு மடங்காதுன்னா கித்தாரு மடங்கட்டும்" என்றாள்.

அவளுடைய வாதம் இதுதான். கித்தாரில் ஆறு தந்திகளையும் ஆளுக்கொரு ஸ்வரத்தில் முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத அந்த ஆறையும் சமாதானம் செய்து வைக்கத்தான் விரல்கள் அப்படி வளைய வேண்டியிருக்கிறது. வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே தந்திகளைச் சமாதானம் செய்து வைத்துவிட்டால் விரலுக்கு என்ன வேலை? நேரான ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் போதாதா?

வாதம் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அதைச் செய்து பார்க்கப்போவது என் அறையில் என்பது அப்போது உறைக்கவில்லை.

முதலில் ஆறு தந்திகளையும் ஒரே ஸ்வரத்தில் வைத்தாள். அசல் தம்பூரா. கொஞ்சம் பாட்டு கற்றுக்கொண்டவளாகையால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆலாபனையே ஆரம்பித்துவிட்டேன். வார்டன் அம்மா படியேறி வந்து, இந்த விடுதியில் எப்போதிலிருந்து பஜனை நடக்கிறது என்று கேட்டார்.

பிறகு தந்திகளை ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தாள். தோற்றுப்போன சுருதிக்கெல்லாம் அன்றைய சமையலின் பெயர். 'புளிக்குழம்பு' என்றொரு சுருதி இருந்தது. அதை வாசித்தால் பல் கூசும். 'உப்புமா' அதைவிட மோசம். வாசலுக்கு வரும் எல்லோரையும் நிறுத்தி வாசித்துக் காட்டி அபிப்பிராயம் கேட்பாள். தபால்காரர் உள்ளே வருவதை நிறுத்திவிட்டு மதில் சுவருக்கு மேலே கடிதங்களை வீச ஆரம்பித்தார். குளியலறையில் எதிரொலி நன்றாக இருக்கிறதென்று ஒரு வாரம் அங்கே குடியேறினாள். வாளியும் துண்டுமாக வெளியே நாங்கள் வரிசையில் நிற்போம். ஆபீசில் ஏன் லேட் என்று சூப்பரின்டெண்ட் கேட்டபோது, "ரூம்மேட்டுக்குச் சுருதி சேரலை சார்" என்று உண்மையைச் சொன்னேன். பாவம், ஏதோ வியாதி என்று நினைத்து அவர் லீவு வேண்டுமா என்று கேட்டார்.

ஏற்றிக்கொண்டே போனதில் தந்திகள் படபடவென்று அறுந்தன. அப்படி ஒரு தந்தி அறுந்து துள்ளிப் போய், அந்த நேரம் பார்த்து அறைக்குள் எட்டிப்பார்த்த வார்டன் அம்மாவின் கொண்டையில் சிக்கிக்கொண்டது. நான்தான் அதைப் பிரித்து எடுத்தேன். எடுத்து முடித்ததும் தீர்ப்பு சொன்னார். கேரல் போட்டியில் இந்தக் கித்தார் ஒழுங்காக வாசிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் கித்தாரும் அதன் சொந்தக்காரியும் வேறு விடுதி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேரல் போட்டி டிசம்பரில் சர்ச் ஹாலில் நடக்கும். சுற்றுவட்டார விடுதிகளும் பாடகர் குழுக்களும் வந்து பாடும். வருஷா வருஷம் நாங்கள்தான் கடைசி. பக்கவாத்தியம் கிடையாது. ஆரம்பித்த சுருதிக்கும் முடித்த சுருதிக்கும் நடுவில் ஒரு ஜில்லா இருக்கும்.

டிரங்க் காலுக்கு ஊரில் யாருமில்லை. விடுதிதான் வீடு. வார்டன் போன பிறகு அறுந்த தந்தியைக் கையில் சுற்றிக்கொண்டு வெகு நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "ஏத்துறதுலதானே அறுந்துபோகுது. இறக்கிப் பாப்போம்" என்றாள்.

அதுவரை யாருக்கும் தோன்றாத விஷயம் அது. மேலே இழுக்காமல் ஒவ்வொரு தந்தியாகத் தளர்த்தினாள். ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஐந்து தந்திகள் ச என்றும் ப என்றும் ஒற்றுமையாகிவிட்டன. மூன்றாவது தந்தி மட்டும் மத்தியமத்தில் முறைத்துக்கொண்டு நின்றது. மீட்டினால் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எதற்கோ காத்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

மத்தியமத்துக்கு ஒரு படி கீழே இருக்கும் காந்தாரத்தை என்னைப் பாடச் சொன்னாள். பாடினேன். அந்தத் தந்தியை ஒரு மயிரிழை, இன்னும் ஒரு மயிரிழை என்று இறக்கிக்கொண்டே வந்தாள். என் குரலும் தந்தியும் ஒன்றாகக் கலந்து, எது எதுவென்று தெரியாமல் போன இடத்தில் நிறுத்தினாள். பிறகு ஆறையும் சேர்த்து ஒரு மீட்டு மீட்டினாள்.

அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருந்தது. இடது கையில் எதையுமே பிடிக்கவில்லை, வெறும் தந்திகள், ஆனால் முழுசாக, வாய் நிறையச் சிரிக்கிறது கித்தார். அவள் ஆள்காட்டி விரலை ஸ்கேல் போல நடுவில் குறுக்கே வைத்தாள். அடுத்த நாதம் வந்தது. இன்னும் இரண்டு கட்டை தள்ளி வைத்தாள். அதற்கடுத்தது வந்தது. எனக்குத் தெரிந்த கேரல் பாட்டெல்லாம் இந்த மூன்று இடத்துக்குள்ளேயே குடியிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

டிரங்க் கால் என் பக்கம் திரும்பினாள். நான் கேட்டவரைக்கும் வாழ்க்கையில் முதல் தடவையாக ரகசியக் குரலில் பேசினாள்.

"லைன் கிடைச்சிடுச்சுடி."

போட்டியன்று ஹால் நிரம்பி வழிந்தது. நடுவர் நாற்காலியில் அதே கித்தார் மாஸ்டர், அதே ஷூ. கித்தாரோடு மேடையேறிய இவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு கவலை ஓடியது. வார்டன் அம்மா கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது வரிசையில் நெற்றிப் பொட்டோடு நின்ற எனக்கு, ஆனேக்கல் வரை கேட்கும்படி இதயம் அடித்தது.

அவள் மீட்டினாள். நாங்கள் பாடினோம். நேரான அந்த ஒற்றை விரல் கழுத்தின் மேல் வழுக்கிப் போவதும் வருவதுமாக இருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தது போல நாங்கள் அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டோம். கடைசிச் சரணத்தில் டிரங்க் காலும் வாய் திறந்தாள். ஊருக்கு வெளியே தொம்மலூரில் இருப்பவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். ஆரம்பித்த சுருதியிலேயே பாட்டை முடித்த அதிர்ச்சியில் நாங்கள் மேடையை விட்டு இறங்க மறந்து நின்றோம். ஹால் எழுந்து நின்று கைதட்டியது.

முதல் பரிசு எங்களுக்குத்தான். ஆனால் அதற்கு முன்னால் மாஸ்டர் மேடைக்கு வந்து, கித்தாரைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். வாங்கி, ஸ்டைலாகக் காலை முன்னால் வைத்து, விரல்களைச் சிக்கலாக வளைத்துப் பிடித்து, ஒரு மீட்டு மீட்டினார். அலமாரியிலிருந்து எவர்சில்வர் பாத்திரமெல்லாம் சரிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். குழந்தைகள் சிரித்தன. அவர் இன்னொரு பிடி பிடித்தார். மிச்சப் பாத்திரங்களும் விழுந்தன.

மனிதர் வெட்கப்படவில்லை. தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். முகம் மெல்ல மலர்ந்தது. "இந்தச் சுருதியை எனக்குச் சொல்லித் தருவீங்களா மிஸ்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

டிரங்க் கால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கல்கத்தாவிடம் கேட்பது போலக் கேட்டாள்: "உங்களுக்கு டாம்பரீன் வாசிக்கத் தெரியுமா மாஸ்டர்?"

சிரித்து முடிக்க ஹாலுக்கு ரொம்ப நேரமாயிற்று. அதிகம் சிரித்தவர் மாஸ்டர்தான். அடுத்த வருஷம் அவர் நடுவராக வரவில்லை. பளபளக்கும் ஷூவோடு எங்கள் குழுவின் ஓரத்தில் நின்று டாம்பரீன் வாசித்தார். அருமையாகவே வாசித்தார்.

முதல் பரிசு வாங்கித் திரும்பிய அந்தச் சாயங்காலம் நல்ல குளிர். அவள் அவசரத்தில் ஸ்வெட்டர் எடுத்து வரவில்லை. என் சால்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டேன். பேச்சு சுவாரஸ்யத்தில் கவனிக்காமல் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள். சில வருஷம் கழித்துப் பூனாவுக்கு மாற்றலாகிப் பெட்டி கட்டும்போது, அதே சால்வையை மடித்து எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தாள். நான் பார்க்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.