மூன்றாம் பக்கத்தில் கிடந்த என் லாட்ஜ்

ஒரு மனிதனின் மானத்தை நடுத்தெருவில் நிறுத்தி, மைக்கே இல்லாமல் ஏலம் விடக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். அவனும் எங்கள் திருத்தணியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். வீட்டில் வைத்த பெயர் என்னவோ, ஊருக்கு அவன் ரேங்க்கு.

கம்ப்யூட்டரில் ஒரு வார்த்தையைப் போட்டுத் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறதல்லவா, அதில் எவர் கடை எத்தனையாவதாக வருகிறது என்று தினமும் பார்ப்பான். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டான். நகைக்கடைக்காரர் கிருத்திகைக்கு மலையேறுவார். இவன் கீழ்ப்படியில் நின்று, "நைனா, ஒம்பதுலேர்ந்து பதிமூணுக்குப் பூட்ட!" என்று கூவுவான். மேலே போனதும் முருகனிடம் என்ன கேட்க வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோகும்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். படித்தது நாலாம் வகுப்பு. மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறவர்களுக்கு அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, வாளி வாளியாக விற்று, லாட்ஜ் கட்டியவன் நான். எவனிடமும் கைகட்டி நின்றதில்லை. ஊரில் முதன்முதலாக வெப்சைட் போட்ட லாட்ஜும் என்னுடையதுதான். முழுக்க இங்கிலீஷில் இருந்ததால் நான் மட்டும் அதைப் படித்ததில்லை.

அந்தச் சமயத்தில் என் பெண்ணுக்குச் சென்னையிலிருந்து வரன் வந்தது. பையன் சாப்ட்வேர் வேலை, அப்போது வெளிநாட்டில் இருந்தான். அவன் அப்பாவிடம் போனில் பேசும்போது என் வாய் சும்மா இருந்ததா? "சம்பந்தி, கம்ப்யூட்டர்ல திருத்தணி லாட்ஜுன்னு அடிச்சா மொத பேரே நம்முளுதுதான் வரும். லிஃப்ட்டு வேற கீது" என்று அடித்துவிட்டேன்.

"எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாதுங்க. ஆடி போகட்டும், ஆவணில பையனோட வரோம். அப்ப காட்டுங்க" என்றார் அவர்.

ரேங்க்கு கடைக்கு ஓடினேன். தட்டிப் பார்த்தான். "நைனா, மூணாவது பக்கத்துல கீற!" என்று கத்தினான். வெளியே பள்ளிப்பட்டு பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா சொல்லுடா. மெட்ராஸ்ல இதுக்கு ஆளு கீறாங்களாமே, வெச்சிக்கலாமா?"

"இன்னாத்துக்கு? எல்லாத்துக்கும் ஓசில கருவி கீது. நாமளே பண்ணிக்கலாம்."

சவரம் செய்கிறவர் கத்தியை எடுத்துப் பரப்புகிற மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒரு கருவி, ஜனங்கள் என்ன வார்த்தையைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று சொல்லும். ஒன்று, நம் பக்கத்தில் எதை அழுத்தினால் திறக்காது என்று காட்டும். ஒன்று, பக்கம் ஏன் மெதுவாக வருகிறது என்று எடை போடும். இன்னொன்று, வந்தவன் எத்தனை நேரம் இருந்தான், எந்த இடத்தில் ஓடிப்போனான் என்று கணக்கு வைக்கும்.

"உன் போட்டோதான் கனம் நைனா. அது வந்து எறங்கறதுக்குள்ள ஆளு வேற லாட்ஜுக்குப் பூடறான்."

"சரி, என் பேரப் போட்டு எத்தினி பேரு தேடறாங்க?"

"ஒருத்தரும் இல்ல. மொட்டை, வெந்நீர், கொறைஞ்ச வாடகை, இதான் கேக்குது ஜனம். லாட்ஜ் பேரப் போட்டு ஒர்த்தன் தேடிகிறான். கூடவே மூட்டைப்பூச்சின்னு போட்டுகிறான்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. நான் துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மூடிக்கொண்டேன்.

ஆனாலும் என் மூளை விடுமா? "டேய், சாமி பேர நூத்தெட்டு தபா சொன்னாத்தானே அர்ச்சனை? என் லாட்ஜ் பேரையும் நூத்தெட்டு தபா எழுது."

"வாணாம் நைனா. தேடிக் குடுக்கற மிஷின் கண்டுபுடிச்சிடும்."

"வெள்ளை மேல வெள்ளையா எழுது. எவன் கண்ணுக்குத் தெரியும்?"

தலையில் அடித்துக்கொண்டே அடித்தான். முடித்ததும் நான் கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்துக் காய்கறி மார்க்கெட்டின் நடுவில் அந்தக் குரல் கேட்டது: "நைனா, உன் லாட்ஜே இல்ல! மொத்தமா பூட்ச்சி!" கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என் மச்சான், கட்டடம் இடிந்துவிட்டதென்று ஓடிப்போய் என் வீட்டில் ஒப்பாரியே ஆரம்பித்து வைத்துவிட்டான். மூன்றாம் பக்கத்திலும் இல்லை, முப்பதாம் பக்கத்திலும் இல்லை. மிஷின் வெளியே தள்ளிவிட்டது.

"இனிமே நீ வாயத் தொறக்காத. நான் எழுதிக்கிறேன்" என்றான் ரேங்க்கு. நூற்றெட்டையும் அழித்தான், என் போட்டோவைத் தூக்கினான், என்னென்னவோ புதிதாக எழுதினான். மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி மிஷினுக்கு மனுப் போட்டான்.

ஆவணியில் அப்பாவும் பையனும் வந்தார்கள். சாமி தரிசனம் ஆனதும் நேரே பிரவுசிங் சென்டர்தான். பையன் உட்கார்ந்து தட்டினான். என் லாட்ஜ் நாலாவதாக வந்தது. நான் அளந்து வைத்திருந்ததோ முதலாவது. பையன் அதைத் திறந்து, அப்பாவுக்காகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தான்.

"சின்ன லாட்ஜ். லிஃப்ட் இல்லை. முட்டி வலி உள்ளவங்களுக்குக் கீழே ரூம் தருவோம். மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிச்சாச்சு. மொட்டை போட்டுட்டு வர்றவங்களுக்கு விடியறதுக்கு முன்னாடியே வெந்நீர். ஓனரே அடுப்பு மூட்டுவார். குழந்தைங்க தலையில ஊத்தறதுக்கு முன்னாடி தன் கையில ஊத்திப் பார்ப்பார்."

கால் கட்டை விரலைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

"லிஃப்ட் இருக்குன்னீங்களே?" என்றார் பையனின் அப்பா. "இதெல்லாம் யார் எழுதினது? நீங்களா?"

ஊர் மானத்தையே ஏலம் போடுகிறவன் முந்திக்கொண்டான். "ஆங், அவருதாங்க. அவரு சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். லிஃப்ட்ட மட்டும், கட்டி முடிச்சிட்டு எழுதலாம்னு நான்தான் நிறுத்தி வெச்சேங்க."

அவர் என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "அப்ப சம்பந்தி, நம்ம பேரனுக்கு மொட்டை போட வந்தா உங்க லாட்ஜ்லதான்" என்றார்.

அவர்களை ஆட்டோவில் என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் ரேங்க்கு கடைக்குத் திரும்பி வந்தேன். லிஃப்ட் இல்லை என்று போட்டதற்குத் திட்டத்தான் வந்தேன். கையில் ஊற்றிப் பார்ப்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெருமையடிக்க வேண்டிய சங்கதி என்று தோன்றியதும் இல்லை. இவன் எப்போது வந்து பார்த்தானோ. அவன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"டேய், அந்தக் கடைசி வரிய இன்னொரு தபா படி."

படித்தான்.